1966 மஸ்டாங்: பழைய 289 இன்ஜினா, புது கயோட்டியா?

டெட்ராய்ட்தாசன்: 66 ஃபோர்டு மஸ்டாங்கைப் புதுப்பிக்கும்போது எந்த இன்ஜின் போடுவது என்றால், என் ஓட்டு அந்தக் காலத்து 289 கன அங்குல வி8-க்குத்தான். கயோட்டி என்பது ஃபோர்டின் புதிய 5.0 லிட்டர் வி8, நான்கு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கொண்ட அகலமான இன்ஜின். 66 மஸ்டாங்கில் இன்ஜினின் இரு பக்கமும் நிற்கும் ஷாக் டவர்களை வெட்டாமல் அது உள்ளே உட்காராது. வண்டி யூனிபாடி (தனிச் சட்டம் இல்லை, உடலே சட்டம்), முன் ஸ்பிரிங்கின் பாரம் முழுக்க அந்த டவர்களில்தான் இறங்குகிறது. வெட்டிவிட்டால் முன் சஸ்பென்ஷனையே மாற்றியாக வேண்டும். அப்புறம் மிஞ்சுவது மஸ்டாங்கின் தோல் மட்டுமே.

வி8_வேலன்: அழகு சரிங்க, ஓட்ட வேண்டாமா? ரெண்டு பேரல் கார்பரேட்டர் போட்ட 289-க்கு 200 குதிரைத்திறன்னு விளம்பரம். அதுவும் ஏர் ஃபில்டர், சைலென்சர் எல்லாம் கழட்டிட்டு இன்ஜினை மட்டும் வெச்சு அளந்த கணக்கு. 2011 கயோட்டி 412, எல்லாம் மாட்டி அளந்தது. பிரேக்கைப் பாருங்க: நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடிச்சா பெடல் தரையில போய் நிக்கும்.

டெட்ராய்ட்தாசன்: பிரேக்கில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, அதை அப்படியே விடக்கூடாது. 67 மாடலில் ஃபோர்டே இரட்டை சர்க்யூட் கொண்டுவந்தது. அதையும் முன்னால் டிஸ்க் பிரேக்கையும் வெட்டாமல் போல்ட் போட்டே மாட்டலாம். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளுவது), குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கும். டிஸ்க் பக்கம் அது இருந்தால் பேட் உரசிக்கொண்டே இருக்கும், அதனால் டிஸ்க்குக்கான சிலிண்டரே போடுங்கள். பின்பக்கக் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் ப்ரொபோர்ஷனிங் வால்வு இல்லையென்றால் அழுத்திப் பிடிக்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். வளைவில் திருப்பம் வேண்டுமா? முன்சக்கரத்தை உடலோடு இணைக்கும் மேல் கண்ட்ரோல் ஆர்ம் மாட்டும் இடத்தை 1 அங்குலம் கீழே இறக்குங்கள். மஸ்டாங்கின் வேக வடிவமான 1965 ஷெல்பி ஜிடி350-இல் செய்ததும் அதுதான்.

ஸ்பேனர்: இன்ஜின் சண்டைக்கு முன்னாடி கௌலை, அதான் முன்கண்ணாடிக்கு அடியில இருக்கிற தகட்டுப் பெட்டியைப் பாருங்கப்பா! கண்ணாடிக்கு முன்னால இருக்கிற கிரில்ல ஒரு பக்கெட் தண்ணி ஊத்துங்க, டாஷ்போர்டுக்கு அடியில டார்ச் அடிங்க. கார்பெட்ல சொட்டினா காற்றுத் துவாரத்தோட காலர் (சுத்தி நிக்கிற தகட்டு விளிம்பு) துருப்பிடிச்சிருக்கு. இலை தங்கி, ஈரம் நின்னு, அங்கிருந்துதான் தரைத்தகடும் அழுகும். பிளாஸ்டிக் மூடி ஒட்டுறது தற்காலிகம்தான். ஃபெண்டரைக் கழட்டி, ஸ்பாட் வெல்டை எல்லாம் துளைச்சு மேல் தகட்டைத் தூக்கி, புது காலர் வெச்சு, எபாக்ஸி பிரைமரும் சீம் சீலரும் அடிச்சுத்தான் மூடணும். பெயிண்டுக்கு அப்புறம் செஞ்சா செலவு ரெண்டு தடவை.

வி8_வேலன்: ஒத்துக்கிறேன். ஆனா 289-ல பிளாட் டேப்பட் கேம், அதாவது கேம்ஷாஃப்ட் மேல தட்டையான டேப்பட் உரசிக்கிட்டே ஓடும். துத்தநாகம் குறைஞ்ச இன்னைய ஆயில்ல புது கேமோட லோப் (டேப்பட்டைத் தள்ளுற மேடு) தேய்ஞ்சு மழுங்கிடும்.

டெட்ராய்ட்தாசன்: புது கேமைப் பழக்குவதற்கான பிரேக்-இன் ஆயில் போட்டு, ஸ்டார்ட் ஆனவுடன் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். ஐடிலில் விடவே கூடாது. கிராங்க் தெறிக்கும் ஆயில்தான் லோப்பை நனைக்கிறது.

ஸ்பேனர்: நடுவழி ஒண்ணு இருக்கு. 1985-க்கு அப்புறம் வந்த மஸ்டாங் ஜிடியோட 302 கன அங்குல இன்ஜின், ரோலர் கேம் (உரசாம உருளை மேல ஓடுறது). 289 குடும்பம்தான், டவருக்கு நடுவுல அப்படியே இறங்கும். ஆயில் பேன் மட்டும் பழைய மாதிரி, ஆயில் தேங்குற பள்ளம் முன்பக்கம் இருக்கிறதா வேணும். இன்ஜின் அதிராம இருக்க ஃப்ளைவீல்லயும் டேம்பர்லயும் வைக்கிற பேலன்ஸ் எடை 289-க்கு 28 அவுன்ஸ், இதுக்கு 50. பழைய ஃப்ளைவீலும் டேம்பரும் மாட்டினா இன்ஜின் உதறும். சிலிண்டர்கள் எரியிற வரிசையும் (ஃபயரிங் ஆர்டர்) வேற: 1-3-7-2-6-5-4-8.

டெட்ராய்ட்தாசன்: இதற்கு என் எதிர்ப்பு பாதிதான். கழற்றிய 289-ஐ விற்காமல், சிலிண்டரில் ஆயில் விட்டு மூடி வையுங்கள். வேண்டுமென்றால் பின்னால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

வி8_வேலன்: டவர் தப்பிச்சா சந்தோஷம். கார்பரேட்டரை மட்டும் நான் விடமாட்டேன், இன்ஜெக்ஷன்தான்.