மூன்று முறை வண்ணம் பூசியும் குழந்தைகள் அறைச் சுவர் பொரிந்து உதிர்கிறது: காரணம் என்ன?

கேட்டவர்:

வணக்கம். இரண்டு குழந்தைகளையும் வீட்டையும் முழுநேரமாகப் பார்த்துக்கொள்கிறேன். சிறியவன் பகலில் உறங்கும் ஒன்றரை மணி நேரத்தில்தான் இப்படிப்பட்ட வேலைகளைச் செய்ய முடிகிறது என்பதால், ஒவ்வொரு முறையும் ஒரு வார உழைப்பு வீணாகும்போது மனம் சோர்ந்துவிடுகிறது.

குழந்தைகள் அறையின் ஒரு சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொடங்கி இடுப்பளவு வரைக்கும், இரண்டடி அகலத்துக்கு வண்ணம் கொப்புளமாக எழும்பி உதிர்கிறது. விரலால் அழுத்தினால் அப்பளம் போல நொறுங்கி, உள்ளிருந்து வெள்ளையாக மாவு கொட்டுகிறது. மூன்று முறை சுரண்டி, பட்டி வைத்து, பிரைமர் அடித்து, எமல்ஷன் பூசிவிட்டேன். கடைசியாக, ஈரம் புகாது என்று டப்பாவில் எழுதியிருந்த பூச்சையும் வாங்கி அடித்துப் பார்த்தேன். ஆறு வாரம் கழித்து அதுவும் தோல் உரிவதுபோல ஒரே தகடாகக் கழன்று வந்தது. அருகில் இருக்கும் துணி அலமாரியின் பின்பக்கம் கறுப்புப் புள்ளிகளும் தெரிகின்றன. நான்காவது முறை எந்தப் பூச்சை அடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1:

நான்காவது முறை எதையும் அடிக்காதீர்கள். உள்ளிருந்து கொட்டும் வெள்ளை மாவு உப்பு. சிமென்டிலும் செங்கல்லிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு ஈரம் சுவரின் மேற்பரப்புக்கு வந்து, அங்கே தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போக, உப்பு படிகமாகத் தங்கி வண்ணத்தை வெளியே தள்ளுகிறது. ஈரம் புகாத பூச்சு ஒரே தகடாக வந்ததற்கும் அதுவே காரணம்: அந்தப் பூச்சு வெளியிலிருந்து வரும் தண்ணீரைத் தடுக்கலாமே தவிர, சுவருக்குள் ஏற்கெனவே இருக்கும் தண்ணீர் தன்னைப் பின்னாலிருந்து தள்ளும்போது அதனால் பிடித்து நிற்க முடியாது.

இடுப்பளவுக்குக் கீழே மட்டும் இருப்பதைப் பார்த்தால் அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. அது பெரும்பாலும் 1 மீட்டருக்கு மேல் ஏறுவதில்லை.

பதில் 2 (கட்டட வேலைகளை மேற்பார்வையிட்டவர்):

உப்பைப் பற்றிய விளக்கம் சரி. ஆனால் அடித்தள ஓதம் சுவரின் நீளம் முழுவதும் பட்டையாக ஏறுமே ஒழிய, இரண்டடி அகலத்தில் மட்டும் நின்றுவிடாது. அந்தச் சுவரின் மறுபக்கம் என்ன இருக்கிறது, வீடு எத்தனையாவது தளத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் நீங்கள் சொல்லவில்லை.

அதற்கிடையில் ஒரு சோதனை செய்யுங்கள். உதிரும் இடத்தின் ஓரத்தில், வண்ணத்தைச் சுரண்டிய வெறும் பூச்சின்மேல், ஒரு சாண் சதுரத்துக்கு அலுமினியத் தாளை வைத்து நான்கு ஓரங்களையும் காற்று புகாதபடி டேப்பால் ஒட்டிவிடுங்கள். 48 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து வருகிறது. தாளுக்குப் பின்னால் ஈரம் கோத்திருந்தால் அது சுவருக்குள்ளிருந்து வருகிறது.

கேட்டவர்:

சொல்லாமல் விட்டது என் தவறுதான். வீடு இரண்டாம் தளத்தில் இருக்கிறது, ஆகவே அடித்தள ஓதத்துக்கு வழியில்லை. சுவரின் மறுபக்கம் குளியலறை. ஷவர் அதே சுவரில்தான் இருக்கிறது. தாளைப் பிரித்தேன்: வெளிப்பக்கம் உலர்ந்திருந்தது, பின்பக்கத்தில் பொடிப்பொடியாக நீர்த்துளிகள் நின்றன.

பதில் 1:

என் ஊகம் தவறு, ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் குழாய்க் கசிவா என்று பாருங்கள். எல்லாக் குழாய்களையும் மூடி, தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துவைத்து, இரண்டு மணி நேரம் ஒரு சொட்டும் புழங்காமல் இருந்து மறுபடி பாருங்கள். எண் மாறாவிட்டால் குழாயில் குற்றமில்லை. டைல்ஸ் இடுக்கில் அடைத்திருக்கும் கிரவுட் வழியாகத்தான் தண்ணீர் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டு அதைப் புதிதாக அடைத்துவிடலாம்.

கேட்டவர்:

குழந்தைகள் உறங்கிய பிறகு இரவில் பார்த்தேன். மீட்டரின் சிறிய முள்கூட அசையவில்லை. நாளைக்கே கிரவுட் வாங்கி வரச் சொல்லட்டுமா?

பதில் 2:

பொறுங்கள், அவசரம் வேண்டாம். மீட்டர் சோதனை, எந்நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கும் குழாய்களை மட்டுமே காட்டிக்கொடுக்கும். சுவரில் நீங்கள் திருகும் வால்வுக்கும் தலைக்கு மேலே இருக்கும் ஷவருக்கும் நடுவே சுவருக்குள் ஒரு குழாய் ஓடுகிறது அல்லவா, அதில் ஷவரைத் திறந்திருக்கும் சில நிமிடங்களில் மட்டும்தான் தண்ணீர் ஓடும். அந்தக் குழாயின் இணைப்பில் கசிவு இருந்தால், வால்வு மூடியிருக்கும் வேளையில் நீங்கள் விடியவிடிய மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் முள் அசையாது. மீட்டர் சரியாக இருக்கிறது என்று நம்பிக் கிரவுட்டை மாற்றிவிட்டு, மூன்றே மாதத்தில் பழைய இடத்துக்கே திரும்பி வந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்களுக்கு இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன: கிரவுட், சுவருக்குள் இருக்கும் ஷவர்க் குழாய். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் ஈரம் தெரியும் எல்லையைச் சுற்றி பென்சிலால் கோடு வரைந்து தேதி போடுங்கள். நான்கைந்து நாள் யாரும் அந்த ஷவரைத் திறக்காமல், வாளித் தண்ணீரில், சுவரின்மேல் தெறிக்காதபடி குளியுங்கள். அதன் பிறகு மறுபடி ஒரு கோடு. அடுத்த நான்கைந்து நாள், ஷவர் முகப்பைக் கழற்றி அந்த வாயில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையை வாளிக்குள் விட்டு, தினம் பத்து நிமிடம் திறந்து வையுங்கள். டைல்ஸ்மேல் ஒரு சொட்டும் படக்கூடாது. அப்போது கோட்டைத் தாண்டி ஈரம் வளர்ந்தால் குற்றம் குழாயில். வளராவிட்டால், ஷவரை மூடிவைத்துக் குவளையால் டைல்ஸ்மேல் மட்டும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். செங்கல் வழியாக ஈரம் மறுபக்கம் வர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும் என்பதால், ஒரு சோதனையின் நடுவே இன்னொன்றைக் கலந்துவிட்டால் எதுவும் தெரியாமல் போகும்.

பதில் 3:

தோழி, நானும் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்தவள் என்பதால் வேறு ஒரு விஷயம் கேட்கிறேன். வீடு எவ்வளவு பழையது? பல பத்தாண்டுகளுக்கு முந்திய வண்ணங்களில் ஈயம் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. ஈயத்தைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது அதிகம் பாதிக்கிறது. பழைய அடுக்குகளை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் தரையிலும் பொம்மைகளிலும் படிந்து, தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போய்விடும்.

அலமாரிக்குப் பின்னால் இருப்பது பூஞ்சணம். குழந்தைகளை வேறு அறையில் விட்டு, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். பிளீச் பயன்படுத்துவதாக இருந்தால் அதோடு வினிகரையோ அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்க வேண்டாம். நச்சு வாயு கிளம்பும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள், ஆனால் அப்படித் தள்ளிய அலமாரியைக் குழந்தை பிடித்து ஏறினால் கவிழாதபடி மேலே சுவரோடு ஒரு கம்பிப்பட்டையால் பிணைத்துவிடுங்கள்.

கேட்டவர்:

வீட்டுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. முதல் இரண்டு முறை நான் உலர்ந்த தாளால்தான் தேய்த்தேன் என்பதை நினைத்தால் பதற்றமாக இருக்கிறது. சிறியவன் அந்த இடத்தைக் கிள்ளிக்கொண்டே இருப்பான். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்கப் போகிறேன்.

ஒரு சந்தேகம். உப்பை நீரால் கழுவாமல் உலர்ந்த தூரிகையால்தான் தட்ட வேண்டும் என்று எங்கோ படித்தேன். நீங்கள் உலர்ந்து தேய்க்காதீர்கள் என்கிறீர்கள். எதைச் செய்வது?

பதில் 3:

இரண்டும் வேறு வேறு கட்டங்கள். வண்ண அடுக்கைத் தெளிப்பானால் நனைத்து, தரையில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, ஈரமாகவே சுரண்டி எடுத்து, விரிப்போடு சுருட்டிக் கட்டிவிடுங்கள். வண்ணம் முழுவதும் போய் வெறும் சிமென்ட் பூச்சு தெரிந்த பிறகு, நாள்பட நாள்பட அதன்மேல் பூக்கும் உப்பைத்தான் உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். அதைக் கழுவினால் கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும்.

கேட்டவர் (பன்னிரண்டு நாள் கழித்து):

ஐயா, உங்கள் பென்சில் கோடு உண்மையைச் சொல்லிவிட்டது. ஷவர் திறக்காத ஐந்து நாளில் ஈரம் முதல் கோட்டிலிருந்து ஒரு விரல் அளவு உள்வாங்கியது. ரப்பர் குழாய் மாட்டித் தண்ணீரை வாளியில் விட்டபோது, மூன்றாம் நாள் காலையில் அதே கோட்டைத் தாண்டி இரண்டு விரல் வெளியே வந்துவிட்டது. அத்தனைக்கும் டைல்ஸ் காய்ந்தே இருந்தது. பிளம்பர் முதலில் மூன்று வரிசை டைல்ஸ்களை உடைக்க வேண்டும் என்றார். கோடுகளைக் காட்டியதும், வால்வுக்கு நேர் மேலே ஒரே ஒரு டைல்ஸை எடுத்துப் பார்த்தார். வால்விலிருந்து மேலே ஏறும் குழாயின் மரையில், ஷவர் திறந்தபோது மட்டும் ஊசிமுனை அளவுக்கு நீர் ஊறி, குழாய் வழியாகவே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மரையைக் கழற்றிப் பழைய நாடாவைத் துடைத்தெடுத்து, புதிய டெஃப்ளான் நாடா சுற்றி இறுக்கிவிட்டார். பள்ளத்தை மூடுவதற்கு முன்னால் அரை மணி நேரம் ஷவரைத் திறந்து வைத்து, காய்ந்த காகிதத்தை மரையில் ஒற்றிப் பார்த்தோம், நனையவில்லை.

இனி எப்போது வண்ணம் பூசலாம்?

பதில் 2:

ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது ஈரச் சுவர் உலர்வதற்குக் கட்டட வேலைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் சுவர் ஒரு பக்கம் டைல்ஸால் மூடியிருப்பதால் குழந்தைகள் அறைப் பக்கமாக மட்டுமே உலர முடியும். ஆகவே நாள்காட்டியை நம்பாமல் அலுமினியத் தாளை நம்புங்கள். மாதம் ஒருமுறை ஒட்டிப் பார்த்து, பின்பக்கம் ஈரம் கோக்காமல் வரும்போது பட்டி வையுங்கள். சிமென்ட் பூச்சு பொடிந்துபோன இடங்களைப் புதிதாகப் பூசினால் அதற்கும் குறைந்தது 28 நாள் கொடுங்கள். பிறகு அடிப்பது சாதாரண எமல்ஷனாகவே இருக்கட்டும். ஈரம் புகாத அந்தப் பூச்சு மீதி இருந்தால் இந்தச் சுவரில் வேண்டாம், சுவரில் எஞ்சியிருக்கும் ஈரம் வெளியேற வழி வேண்டும்.

கேட்டவர்:

நன்றி. அதுவரை அந்த இடத்தைச் சிறியவன் தொடாதபடி, காற்று போக இடைவெளி விட்டு, மெல்லிய துணித்திரை ஒன்று தைத்துத் தொங்கவிடப் போகிறேன். இன்னொரு சிக்கலும் இருக்கிறது: இருவரின் உயரத்தையும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் குறித்த கோடுகள் இதே சுவரில்தான் இருக்கின்றன. சுரண்டினால் அவையும் போய்விடுமே?

பதில் 3:

தரையிலிருந்து மேலே வரை ஒரு நீளக் காகிதத்தைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு கோட்டையும் தேதியோடு நேராகப் படியெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதை ஒரு மரப்பலகைக்கு மாற்றிவிடலாம். பலகையின் அடிமுனை தரையைத் தொட்டு நிற்க வேண்டும்; நான் ஆறு அங்குலம் மேலே தூக்கி ஆணியடித்துவிட்டு, என் மகள் ஒரே ஆண்டில் அரையடி குள்ளமாகிவிட்டாளே என்று ஒரு நிமிடம் திகைத்து நின்றவள்.

கேட்டவர்:

காகிதம் ஒட்டியாகிவிட்டது. நாளை பகலில் அவன் உறங்கியதும் நனைத்துச் சுரண்டத் தொடங்குகிறேன்.