நான்காவது வீட்டோடு நின்ற வடிகால்

பெரியப்பா: (ஃபார்வர்டு) நம் ஊராட்சிக்குக் கோடி கோடியாகப் பணம் வந்தும் ஒரு வேலையும் நடக்கவில்லை! உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்!

அத்தை: யார் சொன்னது அண்ணா?

பெரியப்பா: வந்தது, அனுப்பினேன். நெருப்பில்லாமல் புகையுமா?

நான்: எவ்வளவு வந்தது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம் பெரியப்பா. இ-கிராம் ஸ்வராஜ் என்ற அரசுத் தளம் 2020இலிருந்து இருக்கிறது. மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்வு செய்துகொண்டே போனால் ஆண்டுத் திட்டமும் வரவு செலவும் வரும். பாஸ்வேர்டெல்லாம் கேட்காது.

தம்பி: பொறுமை மட்டும் நிறைய வேண்டும் 😅

நான்: (படம்) பார்த்துவிட்டேன். கோடியெல்லாம் இல்லை. பெரிய தொகை என்றால் 15வது நிதிக்குழு மானியம்தான், அதாவது மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தரும் பணம். 2021-26 மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்ட பணம். அதை எடுத்துத் தார் ரோடு போட முடியாது.

சித்தி: ஓ, ரோடு கேட்டால் தண்ணீர்த் தொட்டி கட்டுவது அதனால்தானா!

நான்: பாதி அதனால்தான் சித்தி. மீதி 40 சதவீதத்தில் ஊருக்கு எது தேவையோ அதைச் செய்யலாம், சம்பளத்துக்கு மட்டும் எடுக்கக் கூடாது. சரி, அதை விடுங்கள். நம் தெரு வடிகால் வேலை முடிந்துவிட்டது என்று போட்டிருக்கிறது.

அத்தை: முடிந்ததா? இரு, வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அத்தை: (படம்) டிரான்ஸ்பார்மர் பக்கத்திலிருந்து நான்காவது வீடு வரைதான் சிமென்ட். அப்புறம் பழைய மண் பள்ளம்தான். முடிகிற இடத்தில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது பார், மேற்கொண்டு போட விட்டு வைத்த மாதிரி.

பெரியப்பா: பார்த்தாயா! நான் சொன்னது சரியாகப் போயிற்று. எல்லா குரூப்பிலும் போடு.

நான்: அவசரப்படாதீர்கள் பெரியப்பா. திட்டமே நான்காவது வீடு வரைதானோ என்னவோ. தளத்தில் இருப்பது ஊராட்சி ஏற்றிய தகவல், அவ்வளவுதான். எத்தனை மீட்டருக்கு பில் போட்டார்கள் என்று தெரிந்தால்தான் பேச முடியும்.

தம்பி: அது எம்.புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில் இருக்கும் அக்கா. இன்ஜினியர் அளந்து அதில் எழுதினால்தான் பில் பாஸாகும்.

சித்தி: நமக்கெல்லாம் அதைக் காட்டுவார்களா?

நான்: தகவல் உரிமைச் சட்டம் 2005 எதற்கு இருக்கிறது? பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, 10 ரூபாய்க்கு கோர்ட் ஸ்டாம்ப். எதற்குக் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் மட்டுமில்லை, வேலையையே நேரில் பார்வையிடவும் கேட்கலாம். ஆனால் "வடிகால் ஏன் பாதியில் நிற்கிறது" என்று கேட்டால் மழுப்பிவிடுவார்கள். "இந்த வேலையின் அளவுப் புத்தக நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பெரியப்பா: அதற்குள் கிராம சபை வந்துவிடுமே.

நான்: வரட்டும், அங்கேயும் கேட்போம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு தடவை வாய்ப்பு இருக்கிறது.

பெரியப்பா: போன தடவை போனேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அத்தை: என்ன தீர்மானம் என்று படிக்காமலா போட்டீர்கள்?

பெரியப்பா: கூட்டம்மா...

அத்தை: இந்தத் தடவை நான் கேட்கிறேன். கேட்டதை எழுதினார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. கண்ணு, அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து அனுப்பு.

தம்பி: ஞாயிற்றுக்கிழமை டேப் கொண்டு வருகிறேன் அத்தை. முதலில் நாமே அளந்துவிடுவோம். நீங்கள் ஒரு முனையைப் பிடித்தால் போதும்.

பெரியப்பா: பிரிண்ட் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.