புதுப்பிப்பு: ‘போரும் வாழ்வும்’ எதுவரை வந்திருக்கிறது?

டால்ஸ்டாயின் இந்தத் தடித்த நாவலை வீட்டு வேலைக்கு நடுவே எப்படிப் படிப்பது என்று முன்பு குழுவில் கேட்டிருந்தேன். “நாளுக்கு ஓர் அத்தியாயம்” என்ற யோசனை நன்றாகவே கைகொடுக்கிறது. மொத்தம் 361 அத்தியாயங்கள், பெரும்பாலும் சின்னவை. வாஷிங் மெஷின் ஓடி முடிவதற்குள் ஒன்று முடிந்துவிடுகிறது.

பெயர்கள்தான் தலைவலி. பின்னட்டையின் உள்பக்கத்தில் குடும்பவாரியாகப் பென்சிலால் எழுதிவைத்தேன். நத்தாஷாவுக்கு மட்டும் என் மகள் நட்சத்திரம் போட்டிருக்கிறாள்!

கதையில் இப்போது 1805, நெப்போலியனோடு ரஷ்யப் படை மோதும் ஆஸ்டர்லிட்ஸ் போர். அடிபட்ட இளவரசன் ஆந்த்ரே மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்க்கும் இடத்தைத் தாண்ட மனமே வரவில்லை. விருந்துக் காட்சிகள் (மன்னிக்கவும், ரசிகர்களே) இழுவைதான்.

நெப்போலியன் ரஷ்யாமீது படையெடுக்கும் 1812 வரும்வரை யாரும் கதையைப் போட்டு உடைத்துவிடாதீர்கள்.