சபைகள் காபனைக் கணக்கிட வேண்டுமா, வடிகாலைத் துப்புரவாக்க வேண்டுமா?

வாவிக்கரையான்:

இலங்கை 2021ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபைக்குச் சமர்ப்பித்த காலநிலை உறுதிமொழியில், 2030க்குள் மின்சாரத்தின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதாகவும், காட்டுப் பரப்பை 32 சதவீதமாக உயர்த்துவதாகவும், 2050க்குள் காபன் நடுநிலையை எட்டுவதாகவும் கூறியிருக்கிறது. இந்த இலக்குகளில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கு உரிய பங்கு என்ன என்பது நமது ஊர்களில் பேசப்படுவதே இல்லை. 2023 மார்ச் மாதத்திலிருந்து மக்கள் பிரதிநிதிகள் இன்றி இயங்கிய சபைகள் 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின்னர் மீண்டும் கூடியிருக்கும் இவ்வேளையில், ஒவ்வொரு சபையும் தனது வரவு செலவுத் திட்டத்தோடு ஒரு காபன் கணக்கையும், அதாவது தனது பகுதியிலிருந்து வெளியேறும் வெப்பவாயுக்களின் கணக்கையும், முன்வைக்க வேண்டும் என்பதும், அந்தக் கணக்கு குப்பையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும் எனது நிலைப்பாடு.

நமது வீடுகளிலிருந்தும் சந்தைகளிலிருந்தும் போகும் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது சோறு, மீன் கழிவு, மரக்கறித் தோல், இலைதழை போன்றவை. அவை காற்றுப் புகாமல் குவிந்து அழுகும்போது மெதேன் வெளியேறுகிறது. நூறு ஆண்டு அளவையில் அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். காலநிலை மாற்றத்திற்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் பொதுவான கணிப்பு முறையின்படி, ஆழமான திறந்த மேட்டில் கொட்டப்படும் ஒரு தொன் உணவுக் கழிவு சுமார் 40 கிலோ மெதேனைத் தரும். இது ஒரு தொன்னுக்குச் சற்று அதிகமான காபனீரொட்சைட்டுக்குச் சமம், அதாவது 400 லீற்றர் டீசலை எரிப்பதற்கு நிகர். அந்த ஒரு தொன்னை ஏற்றிச் செல்ல உழவு இயந்திரம் குடிக்கும் டீசல் இதன் அருகில்கூட வராது. மின்சார வாகனம் வாங்குவதற்கு முன்னர், உணவுக் கழிவைப் பிரித்தெடுத்து மக்க வைத்துக் கூட்டெருவாக்க வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

சோலைவரிக்காரன்:

உலகம் வெளியேற்றும் காபனில் இலங்கை முழுவதன் பங்கே ஒரு சதவீதத்தின் பத்தில் ஒன்றை எட்டாது. அதற்குள் கிழக்கு மாகாணத்தின் ஒரு சபை எத்தனையாவது தசமத்தில் வரும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீதியின் வடிகால் கார்த்திகை மழைக்கு முன்னர் ஒருமுறையாவது தூர் வாரப்பட்டால் போதும் என்றிருக்கும் மக்களிடம், சபை இனி மெதேனை அளக்கப் போகிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். வீடுகளிலும் கடைகளிலும் அறவிடும் சோலைவரியில் வரும் பணம் சம்பளத்துக்கும் எரிபொருளுக்கும் போனபின் மிஞ்சுவது கொஞ்சம். அதில் காபன் கணக்குக்கென்று ஓர் உத்தியோகத்தர், ஓர் ஆலோசகர், ஒரு செயலமர்வு என்று செலவு தொடங்கினால் கடைசியில் வழுவழுப்பான ஓர் அறிக்கைதான் மிஞ்சும்.

உங்கள் கணக்கையும் பார்த்தேன். ஆழமான மேடு என்று எடுத்துக்கொண்டீர்கள். ஐந்து மீற்றருக்குக் குறைந்த உயரமுள்ள மேடுகளுக்கு அதே முறை பாதி அளவையே தருகிறது. நமது பிரதேச சபைகள் கொட்டும் இடங்களில் எத்தனை ஐந்து மீற்றரைத் தாண்டும்? கூட்டெருவாக்கினாலும் வெளியேற்றம் பூச்சியமாகிவிடாது. அதே குழுவின் முறைப்படி, கூட்டெருவாக்கப்படும் ஒவ்வொரு தொன்னும் சுமார் 4 கிலோ மெதேனையும் நைதரஸ் ஒட்சைட்டு என்ற இன்னொரு வெப்பவாயுவைச் சிறிதளவும் விடுகிறது. அதையும் கழித்துவிட்டுச் சொல்லுங்கள்.

வாவிக்கரையான்:

கழித்தே சொல்கிறேன். கூட்டெருவின் வெளியேற்றம் தொன்னுக்கு ஏறத்தாழ 175 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். நீங்கள் சொல்லும் தாழ்வான மேட்டை எடுத்தாலும் அங்கு 560 கிலோ வரும். மூன்றில் இரண்டு பங்கு மிச்சமாகிறது. ஆனால் நீங்கள் மேற்கோள் காட்டிய விதியில் இன்னொரு பாதி இருக்கிறது: மேடு தாழ்வானதாக இருந்தாலும், நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து நிற்கும் இடமென்றால் அதை ஆழமான மேட்டுக்குரிய அளவிலேயே கணக்கிட வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிணறு தோண்டினால் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்பது எழுவான்கரையில் வாழும் எவருக்கும் தெரியும். வாவியோரத்திலும் ஆழமற்ற நீர்த்தேக்கங்களான வில்லுகளின் ஓரத்திலும் கொட்டும் வழக்கத்தை வைத்துக்கொண்டு தாழ்வான மேட்டின் சலுகையைக் கோர முடியாது.

ஆலோசகர் வேண்டாம் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். தேவைப்படுவது ஒரு தராசும் ஒரு பதிவேடும்.

பழைய மின்பொறியாளர்:

இருவரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு உதவியுடன் கட்டப்படும் பொறியியல் முறையிலான நிலநிரப்பு எல்லாப் பிரச்சினைக்கும் தீர்வு என்று சபைகள் நம்புகின்றன. அடியில் விரிப்புப் போட்டு, கழிவுநீரைச் சேகரித்து, மண்ணால் மூடி அழுத்தும்போது துர்நாற்றமும் ஈயும் குறையும், கிணறுகளும் ஓரளவு தப்பும், அதில் ஐயமில்லை. ஆனால் காற்றை முற்றாக அடைத்துவிடுவதால் அங்குதான் மெதேன் மிக அதிகமாக உண்டாகும். வாயுவைக் குழாய் வைத்து எடுத்து எரிக்காவிட்டால், சுகாதாரத்தில் முன்னேறி காலநிலையில் பின்வாங்கியவர்களாகிறோம். உணவுக் கழிவை அங்கு அனுப்பாதிருப்பதே மலிவான வழி.

சூரிய மின்தகடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் எந்தச் சபையும் முதலில் கேட்பது அதைத்தான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதும், அந்த ஆண்டின் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரை மீதுள்ள தகடுகளை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டதும் நினைவிருக்கும். தேவை குறைந்த பகல்களில் சூரிய மின்சாரம் மிஞ்சுகிறது. மின்கலம் இல்லாமல் மேலும் மேலும் தகடு பொருத்துவதால் நாட்டுக்குக் கிடைக்கும் பயன் குறைந்துகொண்டே போகும். சபைக் கட்டடத்தின் பகல்நேரத் தேவைக்கு அளவாகப் பொருத்துவது நியாயமானது. அதைவிட முதலில் செய்ய வேண்டியது, இன்னமும் எரியும் பழைய சோடியம் வீதி விளக்குகளை எல்ஈடிக்கு மாற்றுவது. அது இருள் கவிந்த உச்ச நேரத்துத் தேவையைக் குறைக்கிறது, மாற்றிய அன்றிரவே பலன் தெரிகிறது.

படுவான்கரை விவசாயி:

கூட்டெரு, கூட்டெரு என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். அதை வாங்க வேண்டியவர்கள் வாவிக்கு மேற்கே வயல் செய்யும் நாங்கள் என்பதால் சில வார்த்தைகள்.

2021இல் இரசாயனப் பசளையை ஓர் அறிவித்தலில் நிறுத்திவிட்டு, சேதனப் பசளையைப் போட்டு விளைவியுங்கள் என்றார்கள். அப்போது மூடைகளில் வந்ததில் மண் எவ்வளவு, பசளை எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாது. விளைச்சல் விழுந்தது மட்டும் தெரியும். அந்த அனுபவத்துக்குப் பின் நகரத்துக் குப்பையில் செய்த எருவை வயலில் கொட்டுங்கள் என்றால் யோசிக்கத்தான் செய்வோம். வீட்டிலேயே தரம் பிரிக்காமல் மேட்டில் வைத்துச் சலித்தெடுக்கும் எருவில் போத்தல் துண்டும் பற்றரியும் இருக்கும். வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவனுக்கு ஒரு கண்ணாடித் துண்டு போதும்.

நகரம் சுத்தமாவதற்கு எப்போதும் நகரத்துக்கு வெளியே ஓர் இடம் தேவைப்படுகிறது. திருப்பெருந்துறைக் குப்பைமேட்டை எதிர்த்து அந்த ஊர் மக்கள் வீதிக்கு வந்தார்கள். அம்பாறைப் பள்ளக்காட்டில் 2008இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு குப்பை நிலையம் அமைத்தார்கள்; 2014இல் மின்னல் தாக்கிப் பழுதான மின்வேலி திருத்தப்படவில்லை; யானைகள் உள்ளே வந்து பொலித்தீனோடு சேர்த்துத் தின்றன. எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உலகச் செய்திகளில் வந்தது. குப்பையில் ருசி கண்ட யானை ஊரை விட்டுப் போகாது. வெல்லாவெளிப் பக்கத்தில் யானைக்குப் பயந்து இரவில் காவல் இருக்கிறவர்களிடம் இயற்கைப் பாதுகாப்பு என்று சொல்ல வருகிறவர்கள், முதலில் குப்பைமேட்டின் வேலியைப் பற்றிப் பேசட்டும்.

உயிரியல் ஆசிரியை:

ஐயா சொன்ன வேலிக் கதை, நமது ஊர்களில் நடக்கும், வாவிச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களின் நடுகைகளுக்கும் அப்படியே பொருந்தும். அமைப்பதற்குப் பணம் வருகிறது, பேணுவதற்கு வருவதில்லை.

இலங்கையின் 23 இடங்களில் நடந்த கண்டல் நடுகைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று, நடப்பட்ட 1000 முதல் 1200 ஹெக்டேயரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே வெற்றி பெற்றதாகக் கண்டது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. காரணங்கள் விசித்திரமானவை அல்ல: நீர் நிற்கும் அளவைப் பார்க்காமல் பொருந்தாத இடத்தில் நட்டது, எடுத்து ஊன்ற இலகு என்பதற்காக நீண்ட முளையுள்ள ரைசோபோரா இனத்தையே எங்கும் நட்டது, நட்ட பின் திரும்பிப் பாராதது, மாடு மேய்ந்தது. சுனாமிக்குப் பின்னர் நாவலடி அழிந்ததைப் பார்த்தவர்களுக்குக் கரையோர மரங்களின் மீது ஏற்பட்ட ஆசை நியாயமானதே. ஆயினும் சேற்றுத் திட்டில் மாணவர்களை வரிசையாக நிறுத்தி எடுக்கும் புகைப்படம் காடாகிவிடாது.

ஆகவே சபைகள் கண்டல் நடுவதை நிறுத்திவிட்டு, இருக்கும் கண்டலை வெட்டவும் நிரப்பவும் விடாமல் காப்பதில் இறங்க வேண்டும் என்பேன். பரப்புக்குப் பரப்பு ஒப்பிட்டால், கண்டல் காடு வெப்பவலயத்து நிலக்காடுகளைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு காபனைச் சேமிக்கிறது. அதில் பெரும்பங்கு மரத்தில் இல்லை, வேருக்கடியில் உள்ள சேற்றில் இருக்கிறது. சேற்றை வெட்டித் திறந்தால் நீண்ட காலம் சேர்ந்த காபன் சில ஆண்டுகளில் வெளியேறிவிடும். அதே இடத்தில் நடும் கன்று அதை ஈடுசெய்ய எத்தனை தலைமுறை வேண்டும்?

சோலைவரிக்காரன்:

கண்டல் நிலம் அரச காணி. வனத் திணைக்களம், கரையோரம் பேணல் திணைக்களம், பிரதேச செயலகம் என்று அதற்கு உரிமை கோருவோர் பலர். சபைக்கு அங்கு என்ன அதிகாரம்? இல்லாத அதிகாரத்தைச் சபையின் தலையில் சுமத்திவிட்டுப் பின்னர் தோற்றுவிட்டது என்று திட்டுவது நமது பழக்கமாகிவிட்டது.

உயிரியல் ஆசிரியை:

கட்டட அனுமதி சபையின் கையில் இருக்கிறது. வாவியின் ஒதுக்குப் பகுதியில் மண் போட்டு மேடாக்கி, மதில் கட்டி, பின்னர் வீட்டு வரைபடத்தோடு வருகிறவரிடம் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொல்ல முடியும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. சபையின் உழவு இயந்திரமே கட்டட இடிபாட்டை வாவியோரத்தில் கொட்டாமலிருப்பதற்கும் செலவில்லை. உறுப்பினர்களின் உறவினர்களுக்கும் வாக்காளர்களுக்கும் மறுப்புச் சொல்ல வேண்டி வரும் என்பதுதான் உண்மையான தடை.

நீங்கள் கேட்ட வடிகாலும் இதற்குள்ளேதான் இருக்கிறது. 56 கிலோமீற்றர் நீளமான வாவியின் ஓரம் நிரப்பப்படும்போது மாரி வெள்ளம் தங்குவதற்கு இடம் குறைகிறது. வாவியின் மட்டம் உயர்ந்தால் எவ்வளவு தூர் வாரினாலும் வடிகால் நீர் போய்ச் சேர வழியில்லை. பாலமீன்மட்டில் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிடு என்று ஒரு பக்கமும், இப்போது வெட்டாதே என்று மறுபக்கமும் குரல் எழுவது அப்போதுதான்.

பழைய மின்பொறியாளர்:

வடிகாலை அடைப்பதும் பெரும்பாலும் பொலித்தீன்தான் என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். 2017இலும் 2021இலும் தடைகள் வந்தன. சந்தையில் மீன் வாங்கும்போது கிடைக்கும் பையைப் பார்த்தால் தடை எந்த நிலையில் இருக்கிறதென்று தெரியும்.

சோலைவரிக்காரன்:

குப்பையைத் தரம் பிரித்துச் சேகரிப்பதை ஒரு சபை எல்லா வட்டாரத்திலும் ஒரே நாளில் தொடங்கினால் நான் எதிர்ப்பேன், ஏனெனில் மூன்றாவது மாதத்தில் வாகனம் பழுதாகும், நான்காவது மாதத்தில் பிரித்து வைத்த குப்பையை ஒன்றாகவே ஏற்றிப்போவார்கள், அதைக் கண்ட இல்லத்தரசிகள் இனி ஒருபோதும் பிரிக்க மாட்டார்கள். ஒரே ஒரு பொதுச்சந்தையின் மரக்கறிக் கழிவை மட்டும் எடுங்கள். ஓர் ஆண்டு நிறுத்துப் பதியுங்கள்; எவ்வளவு வந்தது, எவ்வளவு எருவானது, எவ்வளவு விற்றது, எவ்வளவு செலவானது என்பதைச் சபையின் அறிவித்தல் பலகையில் மாதந்தோறும் ஒட்டுங்கள். காபன் என்ற சொல் அந்தப் பலகையில் இல்லாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. கணக்கு இலாபம் காட்டாவிட்டால் மூடிவிட வேண்டும்.

வாவிக்கரையான்:

சந்தையில் தொடங்குவதை ஏற்கிறேன். அங்கு கழிவு ஏற்கனவே பிரிந்தே இருக்கிறது. இலாபம் என்ற நிபந்தனையை மட்டும் ஏற்க முடியாது. வீதி விளக்கும் பொது நூலகமும் இலாபம் காட்டுவதில்லை. எரு விற்ற பணத்தோடு, கொட்டுவதற்கு ஏற்றிச் செல்லாமல் மிச்சமான டீசலையும் குப்பைமேட்டுக்குத் தேவைப்படாமல் போன நிலத்தையும் சேர்த்துத்தான் தராசில் வைக்க வேண்டும்.

படுவான்கரை விவசாயி:

சந்தைக் கழிவில் செய்த எரு என்றால் கண்ணாடிப் பயம் இல்லை. மரக்கறித் தோட்டக்காரர் வாங்குவார்கள், வயலுக்குப் பிறகு பார்க்கலாம். ஒன்றை மட்டும் திட்டம் போடுகிறவர்கள் எழுதி வைத்துக்கொள்ளட்டும்: எருக்குவியலுக்குக் கூரை போட வேண்டும். கார்த்திகையிலிருந்து தை வரை பெய்யும் மழையில் திறந்த வெளியில் குவித்தால் சத்தெல்லாம் கரைந்து ஓடிவிடும், குவியல் நனைந்து இறுகி நாற்றமெடுக்கும், நீங்கள் தவிர்க்க நினைத்த அந்த மெதேனும் அதிலிருந்தே வரும். கூரைக்குப் பணம் ஒதுக்காத திட்டத்தைப் புரட்டாதியில் தொடங்காதீர்கள்.

சோலைவரிக்காரன்:

கூரைத் தகட்டுக்கான கேள்விப்பத்திரத்தை யார் பார்ப்பது என்பதையும் அதே பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.