சிங்கப்பூரிலிருந்து முதல் கப்பல் பயணம்: 11 பேருக்கு அறைகள் பதிவு செய்வது எப்படி?

கேள்வி:
பெற்றோர், அத்தை, குழந்தைகள் என நாங்கள் 11 பேர், டிசம்பரில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் முதன்முறையாகப் பயணம் செய்ய எண்ணியுள்ளோம். நான்கு அறைகளையும் ஒருவரே பதிவு செய்யலாமா? அவை அருகருகே அமையுமா? அப்பாவால் அதிக தூரம் நடக்க இயலாது.

மறுமொழி 1:
ஒருவரே பதிவு செய்யலாம். ஆனால் பொதுவாக அறைக்கொரு பதிவு எண் தரப்படும் என்பதால், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும்படி முகவரிடம் சொல்லுங்கள், இரவு உணவுக்கு ஒரே மேசை கேட்கவும் அது உதவும். அறை எண்ணை நிறுவனமே பின்னர் ஒதுக்கும் மலிவுக் கட்டணம் உங்களுக்கு ஒத்துவராது. ஆளுக்கொரு தளத்தில் சிதறிப்போவீர்கள். தளப் படத்தைப் பார்த்து, மின்தூக்கிக்கு அருகே, கப்பலின் நடுப்பகுதியில் எண்களைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஆட்டமும் குறைவு.

மறுமொழி 2:
ஓர் அறையில் மூன்றாவது, நான்காவது நபருக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு. ஆனால் அவர்களுக்குரிய படுக்கை பல கப்பல்களில் மேலிருந்து இறக்கப்படுவது, ஏணியில் ஏற வேண்டும். அதை அத்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். துறைமுகக் கட்டணமும், கப்பல் ஊழியர்களுக்கான அன்றாட அன்பளிப்பும் (டிப்ஸ்) தலைக்கு இவ்வளவு என்று வரும், குழந்தைகளையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு என்றால், கப்பல் மீண்டும் சிங்கப்பூருக்கே வருவதால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா அவசியம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மேல்படுக்கைகளுக்குப் பிள்ளைகள் இப்போதே சண்டை போடுகிறார்கள்.