மோன்தே கசினோ மலையிலிருந்து: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு பகல்

கயல்விழி, 11.10
அனைவருக்கும் வணக்கம். நானும் அம்மாவும் ரோமிலிருந்து ரயிலில் கசினோ ஊருக்கு வந்து, வளைந்து வளைந்து ஏறும் பாதையில் மலையுச்சி மடாலயத்தை அடைந்துவிட்டோம். புனித பெனடிக்ட் ஏறத்தாழ 529ஆம் ஆண்டில் நிறுவிய இடம் என்று படித்திருந்ததால், காலத்தால் கறுத்த சுவர்களை எதிர்பார்த்து வந்தேன். ஆனால் முற்றங்களும் தூண்களும் நேற்றுக் கட்டியவைபோல் வெளுத்திருக்கின்றன.

பெரியப்பா, 11.24
கயல், நீ பார்ப்பது இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழைய அமைப்பிலேயே மீண்டும் எழுப்பிய கட்டடம் அம்மா. 1944 பிப்ரவரி 15 அன்று 200க்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் அந்த மடத்தின்மீது குண்டு வீசித் தரைமட்டமாக்கின. உள்ளே இருந்தவர்கள் முதிய மடாதிபதியும் சில துறவிகளும், போருக்கு அஞ்சித் தஞ்சம் புகுந்திருந்த ஊர்மக்களுமே. அந்த எளிய மக்களில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் தழுதழுத்துவிடும்.

சித்தி, 11.31
மாமா, ஜெர்மானியர்கள் உள்ளே பதுங்கியிருந்ததாகத்தானே சொன்னார்கள்?

பெரியப்பா, 11.52
ஜெர்மனியை எதிர்த்த நேச நாட்டுப் படையினர் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் குண்டு விழுந்த நாளில் ஜெர்மானியப் படை மடத்துக்குள் இல்லை. சுற்றியிருந்த சரிவுகளில்தான் நிலைகொண்டிருந்தது. இடிந்த பிறகே இடிபாடுகளுக்குள் புகுந்து, அவற்றை முன்னிலும் வலுவான அரணாக்கிக்கொண்டது. குண்டு வீசச் சொல்லிக் கேட்டவர்களில் முதன்மையானவர், நேச நாட்டுப் படையில் போரிட்ட 4ஆவது இந்திய டிவிஷன் என்ற படைப்பிரிவின் தளபதி டக்கர் என்பது நமக்குக் கூடுதல் துயரம். தம் வீரர்கள் ஏறவேண்டிய மலையில் அந்தத் தடித்த சுவர்கள் நிற்பதை எண்ணி அஞ்சிய அவர், மடத்தின் கட்டுமானத்தைத் தெரிந்துகொள்ள நேப்பிள்ஸ் புத்தகக் கடைகளில் நூல் தேடினார். அந்த அச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் காலாட்படை தாக்குதலுக்கு ஆயத்தமாகும் முன்பே விமானங்களை அனுப்பியதை என்னால் ஏற்க முடியவில்லை. சில குண்டுகள் இந்திய வீரர்கள் இருந்த இடத்திலேயே விழுந்தன.

அகிலன், 12.05
அக்கா, பழைய ஏடுகள் எல்லாம் அழிந்துபோயினவா?

கயல்விழி, 12.20
இல்லை தம்பி. 1943இன் இறுதியிலேயே இரண்டு ஜெர்மானிய அதிகாரிகளின் முயற்சியால் அவை லாரிகளில் ரோமுக்குப் போய்விட்டன. பெனடிக்டின் கல்லறையும் தப்பியது. அதன்முன் அம்மா நெடுநேரம் கைகூப்பி நின்றார். வெளியே வந்தால் எதிர்ச்சரிவில் போலந்து வீரர்களின் கல்லறைத்தோட்டம் தெரிகிறது. நான்கு மாதங்களில் நான்கு முறை நடந்த போரின் முடிவில், மே 18 அன்று இந்த இடிபாடுகளில் கொடி ஏற்றியவர்கள் அவர்கள்தாம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகிறார்கள்.

பெரியப்பா, 12.33
மடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு பாறைமேடு தெரியும், பார். மார்ச் மாதத்தில் கூர்க்கா வீரர்கள் அதைப் பிடித்து, விமானத்திலிருந்து போட்ட உணவையும் தண்ணீரையும் கொண்டு ஒரு வாரத்துக்கும் மேலாகத் தாக்குப்பிடித்தார்கள். மடத்துக்குச் சில நூறு மீட்டர் தொலைவுவரை போய்விட்டு, இறுதியில் இருட்டில் இறங்கிவர நேர்ந்தது. நீங்கள் மேலே மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பிரிட்டன், இந்தியா முதலிய நாடுகளின் வீரர்களுக்காக ஊருக்குள் இருக்கும் காமன்வெல்த் கல்லறைத்தோட்டத்துக்கு அவசியம் போங்கள்.

கயல்விழி, 4.15
இப்போது அங்கேதான் இருக்கிறோம். 4,200க்கும் மேற்பட்ட கல்லறைகள், ஒரே உயரத்தில் வரிசை வரிசையாக. மேலே வெள்ளைச் சுவர்களுக்குள் நின்றபோது உறைக்காத போர், இங்கே கற்களில் செதுக்கிய வயதுகளைப் படிக்கும்போது உறைக்கிறது. கல்லறையே இல்லாத 4,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தனிக் கற்பலகைகளில் பொறித்திருக்கிறார்கள். அவற்றில் இந்தியப் பெயர்கள் எத்தனை எத்தனை!

சித்தி, 4.22
அக்கா எங்கே?

கயல்விழி, 4.30
அம்மா இந்திய வீரர்களின் வரிசையில் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தபடி நடந்துகொண்டிருக்கிறார், சித்தி. ஆறு மணி ரயிலைப் பற்றி நினைவூட்டினேன். அடுத்த ரயிலில் போகலாம் என்கிறார்.