புதுப்பிப்பு: அப்பாவின் கம்பியில்லா பேஸ்மேக்கர் கேள்வி (டர்பன்)

இதயத்தின் இரு பக்கமும் ஒத்துத் துடிக்க அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் தேவைப்பட்டது. ஆனால் சிரை குறுகலாக இருந்ததால் இடது வென்ட்ரிக்கிள் (இதயத்தின் கீழறை) கம்பியைப் பொருத்த முடியவில்லை. கம்பியில்லா பேஸ்மேக்கர் உதவுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

டாக்டரிடம் விசாரித்தேன். மைக்ரா என்ற கம்பியில்லா பேஸ்மேக்கர் வலது வென்ட்ரிக்கிளை மட்டுமே தூண்டும். இரு பக்கத்தையும் ஒத்திசைக்காது. வைஸ் என்ற இன்னொரு கம்பியில்லாக் கருவியில் அரிசி அளவு மின்முனை இடது வென்ட்ரிக்கிளுக்குள் இருக்கும், மீயொலியால் இயங்கும். அமெரிக்காவிலேயே 2025இல்தான் அனுமதி. கூடவே இன்னொரு பேஸ்மேக்கரும் வேண்டுமாம்!

கடைசியில் கைகொடுத்தது, 'இடது கற்றைக் கிளையைத் தூண்ட முடியுமா என்று கேளுங்கள்' என்ற யோசனைதான். இடது வென்ட்ரிக்கிளுக்கு மின்துடிப்பைக் கொண்டுபோகும் இயற்கையான பாதை அது. வழக்கமான கம்பியையே இதயத்தின் நடுச்சுவருக்குள் திருகி வைத்தார்கள். ஈசிஜியில் கியூஆர்எஸ் (வென்ட்ரிக்கிள்களில் மின்துடிப்பு பரவும் நேரம்) 164லிருந்து 122 மில்லிசெகண்டாகக் குறைந்தது. எதிர்பாராதது: கால் வீக்கம் வடிய மூன்று வாரம் ஆனது. இப்போது மாடிப்படி ஏறுகிறார். இடது கையைத் தூக்காதீர்கள் என்றால் மட்டும் கேட்பதில்லை.